சமநிலை வேறு, நீதி வேறு

'சமநிலை' என்னும் சொல் இன்று நம் செவியில் விழாத நாளில்லை. நாட்டின் வரவு செலவைப் பற்றி எழுதுவோர் பொருளாதாரச் சமநிலை என்கின்றனர். காடும் கடலும் கெட்டுப் போவதைக் கண்டு வருந்துவோர் இயற்கையின் சமநிலை குலைந்தது என்கின்றனர். மருத்துவரோ உடலின் சமநிலையைக் காத்துக்கொள்ளுமாறு நம்மிடம் சொல்லி அனுப்புகிறார். இத்தனை பேரும் ஒரே சொல்லை ஆள்கின்றனர். ஆனால் ஒரே பொருளைக் கருதித்தான் ஆள்கின்றனரா என்று கேட்டால், இல்லை என்றே விடை சொல்ல வேண்டியிருக்கிறது.

அரபியும் தமிழும் ஓதிக் கொடுப்பதையே வாழ்நாள் பணியாகக் கொண்ட நமக்குச் சொற்களைத் தட்டிப் பார்க்கும் பழக்கம் உண்டு. மட்பானை வாங்குவோர் விரலால் தட்டி ஓசை கேட்பதில்லையா? அதுபோல இச்சொல்லையும் பல காலமாகத் தட்டிப் பார்த்து வந்திருக்கிறோம். அதில் நமக்குக் கேட்ட ஓசையை வாசக நேயர்களின் முன் வைக்கிறோம்.

முதலில் சொல்லின் வேரைப் பார்ப்போம். அரபியில் எடையைக் குறிக்கும் சொல் 'வஸ்ன்'. அதிலிருந்து பிறந்ததே தராசைக் குறிக்கும் 'மீஸான்'. இரு பக்கத்து எடையும் ஒத்து நிற்கும் நிலைக்குத் 'தவாஸுன்' என்று பெயர். இது ஒரு வேர். மற்றொரு வேர் நீதியைக் குறிக்கும் 'அத்ல்'. அதிலிருந்து பிறந்த சொல் 'இஃதிதால்'. இச்சொல் நம் இல்லத்துச் சிறுவர்க்கும் புதிதன்று. தொழுகையில் ருகூவிலிருந்து எழுந்து, முதுகு நிமிர்ந்து, உறுப்புகள் தத்தம் இடத்தில் அமைய நிற்கும் நிலைக்கு நாம் வழங்கும் பெயர் அதுவே. இரவும் பகலும் ஒத்து வரும் நாளையும் அரபு வானநூலார் இஃதிதால் என்றே குறித்தனர்.

ஆக, அரபி மொழியில் ஒரு வேர் எடையிலிருந்து கிளைக்கிறது. மற்றொன்று நீதியிலிருந்து கிளைக்கிறது. தமிழிலும் இவ்வேறுபாடு இல்லாமற் போகவில்லை. சமன் என்பது வேறு. நடுவு நிலைமை என்பது வேறு. வள்ளுவர் நடுவு நிலைமைக்குத் துலாக்கோலை உவமை காட்டினார் என்பது உண்மையே. எனினும் அங்கே புகழப்படுவோர் சான்றோர். துலாக்கோல் அவர்க்கு உவமையாக வந்து நிற்பது மட்டுமே. இன்றைய வழக்கில் 'சமநிலை' என்ற ஒரே சொல் இவ்விரு பொருளையும் சுமக்கத் தொடங்கியிருக்கிறது. ஒன்று சமநிலையில் இருக்கிறது என்று யாராவது சொன்னவுடன், அது நன்றாக இருக்கிறது, நியாயமாக இருக்கிறது என்றும் நம் மனம் தானாகவே சேர்த்துக் கொள்கிறது. அந்தச் சேர்க்கைக்கு ஆதாரம் உண்டா என்பதே நம் கேள்வி.

எம் இளமைக் காலத்துக் கடைத்தெருவில் எண்ணெய் வாங்கப் போனால், வணிகர் முதலில் நாம் கொண்டு சென்ற பாத்திரத்தைத் தராசில் வைத்து, எதிர்த்தட்டில் அதே எடைக்குக் கல்லை வைத்துத் தடை கட்டுவார். முள் நேரே நின்ற பிறகுதான் எண்ணெய் ஊற்றுவார். முள் நேராக நிற்பது இரு பக்கத்துச் சுமையும் ஒத்திருக்கிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. ஊற்றியது நல்ல எண்ணெயா, கலப்பட எண்ணெயா என்பதோ, படிக்கல் முத்திரை இட்டதா, தேய்ந்ததா என்பதோ முள்ளுக்குத் தெரியாது. அதைக் கேட்டறிய வேண்டியவர் தராசின் முன் நிற்கும் மனிதர்.

தராசை ஓர் அறிவியலாகவே ஆராய்ந்தவர்கள் நம் முன்னோரில் இருந்தனர். அவர்களுள் தலையாயவர் அப்துர் ரஹ்மான் அல்-காஸினீ. இன்றைய துருக்மெனிஸ்தானில் அழிபாடுகளாய்க் கிடக்கும் மர்வு நகரத்தில் வாழ்ந்தவர். பொருட்காப்பாளர் ஒருவரின் அடிமையாக வளர்ந்து, அந்த எசமானரின் ஆதரவால் கணிதமும் தத்துவமும் கற்றவர். ஹிஜ்ரி 515-இல், அதாவது கி.பி. 1121-22-இல், சல்ஜூக் சுல்தான் சன்ஜருக்காக அவர் எழுதிய நூல் 'கிதாபு மீஸானில் ஹிக்மா'; ஞானத்தின் தராசு என்று தமிழில் சொல்லலாம். ஐந்து தட்டுகள் கொண்ட ஒரு தராசை அந்நூல் விளக்குகிறது. பொருளைக் காற்றிலும் நீரிலும் நிறுத்து, பொன்னில் வெள்ளி கலந்திருக்கிறதா, மணி உண்மை மணியா, வெறும் கண்ணாடியா என்று கண்டறிவதற்கான கருவி அது.

அந்நூலில் தராசுக் கோலின் அச்சைப் பற்றிய ஆராய்ச்சி ஒன்றும் உண்டு. கோலின் பாரமெல்லாம் கூடியிருப்பதாகக் கருதத்தக்க ஒரு புள்ளி இருக்கிறது. அச்சு அப்புள்ளிக்கு மேலே இருந்தால், கோலை ஒரு பக்கம் சாய்த்து விட்டாலும் அது ஆடி ஆடிப் பழைய நிலைக்கே திரும்பும். அச்சு அப்புள்ளியிலேயே இருந்தால், எப்படிச் சாய்த்து விட்டாலும் கோல் அப்படியே நிற்கும். அச்சு கீழே இருந்தாலோ, ஒரு சிறு அசைவுக்கே கோல் கவிழ்ந்துவிடும். ஆகவே சமநிலை என்று ஒரே பெயரால் அழைக்கப்படும் நிலைகள் அசையாதிருக்கும் வரை ஒன்று போலவே தோன்றும். அசைத்துப் பார்த்தால்தான் எது மீளும், எது கவிழும் என்பது புலப்படும். இதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சந்தையைப் பற்றிப் பேசும்போது இது மீண்டும் வரும்.

காஸினீக்கு முன்னோடி அல்-இஸ்ஃபிஸாரீ. கலப்படத்தைக் கண்டறியும் தராசொன்றை அவர் நெடுங்காலம் உழைத்துச் செய்தார். அது வந்தால் தன் மோசடி வெளிப்பட்டுவிடும் என்று அஞ்சிய சுல்தானின் பொருட்காப்பாளன் அதை உடைத்துப் போட்டான் என்றும், அந்தத் துயரத்திலேயே இஸ்ஃபிஸாரீ நோயுற்று மறைந்தார் என்றும் வரலாற்றாசிரியர் அல்-பைஹகீ எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பொருட்காப்பாளனுக்கு முள் நேராக நிற்கும் சாதாரணத் தராசைக் கண்டு அச்சமில்லை. தட்டில் கிடப்பது என்ன என்று கேட்கும் தராசைக் கண்டுதான் அச்சம்.

தராசிலிருந்து வேதியியலுக்கு வருவோம். 1798-இல் நெப்போலியனோடு எகிப்துக்குச் சென்ற அறிஞர் குழுவில் பெர்தொலே என்ற பிரெஞ்சு வேதியியலாளர் இருந்தார். நைல் கழிமுகத்துக்கு மேற்கே பாலையில் உள்ள நத்ரூன் ஏரிகளின் கரையில் சோடா உப்பு படிந்து கிடப்பதை அவர் கண்டார். பிணங்களைப் பதம் செய்யப் பண்டை எகிப்தியர் எடுத்த உப்பு அதுவே. ஆய்வுக்கூடத்தில் சோடா உப்பையும் கால்சியம் குளோரைடையும் கலந்தால், சாதாரண உப்பும் சுண்ணாம்புக்கல்லின் பொருளும் உண்டாகும். அந்த ஏரிக்கரையிலோ அது தலைகீழாக நடந்துகொண்டிருந்தது. அளவிறந்த உப்புநீர் சுண்ணாம்புக் கல்லின் மீது தங்கியிருந்ததால், வினை எதிர்த்திசையில் சென்று சோடா உப்பு உண்டாயிற்று. பொருள்களின் இயல்பு மட்டுமன்றி, ஒவ்வொன்றும் எவ்வளவு இருக்கிறது என்பதும் வினையின் திசையை முடிவு செய்கிறது என்பதை அவர் உணர்ந்தார்.

இவ்வெண்ணத்தை 1864-இல் நார்வே நாட்டு குல்ட்பர்க், வாகே என்னும் இருவர் கணக்காக வடித்தனர். வேதிச் சமநிலையில் எதுவும் நின்று போவதில்லை. முன்னோக்கிய வினையும் பின்னோக்கிய வினையும் ஒரே வேகத்தில் நடப்பதால் வெளியே மாற்றம் தெரிவதில்லை. ஒரு வாயில் வழியே நூறு பேர் நுழைய, மறு வாயில் வழியே நூறு பேர் வெளியேறும் மண்டபத்தைப் போன்றது அது. கூட்டத்தின் அளவு மாறாது; ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பர். 1884-இல் பிரெஞ்சு அறிஞர் லெ ஷாத்தெலியே மற்றொன்றைச் சொன்னார். சமநிலையில் உள்ள ஓர் அமைப்பை அழுத்தியோ சூடேற்றியோ தொந்தரவு செய்தால், அத்தொந்தரவைக் குறைக்கும் திசையில் அது நகர்ந்து வேறொரு சமநிலையை அடையும்.

மனிதன் இந்த அறிவைக் கொண்டு உலகுக்கு உணவளித்தான். காற்றில் உள்ள நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் கூட்டி அம்மோனியா ஆக்கும் வழியை 1909-இல் ஜெர்மனியின் ஹேபர் செய்து காட்டினார். 1913-இல் அது தொழிற்சாலையாயிற்று. இன்றைய இரசாயன உரத்துக்கு மூலம் அதுவே. தானாக விட்டால் அந்த வினை மிகக் குறைந்த அம்மோனியாவைக் கொடுத்துவிட்டுச் சமநிலை அடைந்துவிடும். ஆகவே சுமார் 200 மடங்கு காற்றழுத்தம் கொடுத்து, ஏறத்தாழ 500 பாகைச் சூட்டில் வினையை நடத்தி, உண்டாகும் அம்மோனியாவை உடனுக்குடன் குளிரவைத்துப் பிரித்தெடுத்து, எஞ்சிய வாயுவை மீண்டும் மீண்டும் உள்ளே அனுப்பினர். இயற்கை தரும் சமநிலையை அவர்கள் மறுக்கவில்லை. அதன் விதியை மீறவும் இல்லை. ஆனால் கிடைத்த சமநிலையே போதும் என்று கைகட்டி நிற்கவும் இல்லை. நிபந்தனைகளை மாற்றினர், சமநிலையும் மாறியது.

இனி உயிருள்ள உடல். இங்கே இப்னு சீனா நமக்கு ஒரு விளக்கேற்றி வைத்திருக்கிறார். மருத்துவ நூலாகிய 'அல்-கானூன்' என்னும் பெருநூலில், உடலின் தன்மைகளைப் பற்றிப் பேசுமிடத்தில், மருத்துவர்கள் 'முஃததில்' என்று சொல்வது எதை என்று அவர் வரையறுக்கிறார். அது எல்லாக் கூறுகளும் எடையில் ஒத்திருப்பது என்ற பொருளில் வந்ததன்று; பங்கீட்டில் நீதி என்ற பொருளில் வந்தது என்பது அவர் விளக்கத்தின் சாரம். ஒவ்வோர் உறுப்புக்கும் அதற்கு உரிய பங்கு கிடைப்பதே உடலின் இஃதிதால். இதயத்துக்குரிய சூடு எலும்புக்குத் தேவையில்லை. எலும்புக்குரிய வறட்சி மூளைக்கு ஆகாது. எல்லாவற்றுக்கும் சரிபாதி என்று பிரித்தால் மனிதன் பிழைக்க மாட்டான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட அந்த உடற்கூற்றுக் கொள்கையை இக்கால அறிவியல் ஏற்பதில்லை. ஆனால் எடைச் சமனையும் பங்கீட்டு நீதியையும் பிரித்து வைத்த அந்தச் சொல்லறிவு இன்றும் பழுதாகவில்லை.

இக்கால உடலியலும் வேறு வழியாக இதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. 19-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் குளோத் பெர்னார், உயிரணுக்கள் வாழ்வது வெளிக்காற்றில் அன்று, உடலுக்குள் இருக்கும் நீர்மச் சூழலில் என்றும், அச்சூழல் மாறாதிருப்பதே வாழ்வுக்கு நிபந்தனை என்றும் காட்டினார். 1926-இல் அமெரிக்காவின் வால்ட்டர் கேனன் அதற்கு 'ஹோமியோஸ்டேஸிஸ்' என்று பெயரிட்டார். வேதியியலார் சொல்லும் சமநிலை என்ற சொல்லை அவர் வேண்டுமென்றே தவிர்த்தார். வெளியே வெயில் 40 பாகை கொளுத்தினாலும், மலைமீது 10 பாகைக்குக் குளிர்ந்தாலும், உடலின் உட்சூடு 37 பாகையை ஒட்டியே நிற்கிறது. அப்படி நிற்பதற்கு உடல் ஓயாது உழைக்கிறது. வியர்க்கிறது, நடுங்குகிறது, உண்ட உணவை எரிக்கிறது.

ஜனாஸாக்களைக் குளிப்பாட்டும் பணி நமக்குப் பல முறை வாய்த்திருக்கிறது. மய்யித்தின் மீது முதல் செம்பு நீரை ஊற்றுமுன் கை அந்தத் தோளைத் தொடும்போது உணரும் குளிர்ச்சியை அப்பணி செய்தோர் அறிவர். நேற்று வரை சூட்டைக் காத்து வந்த உடல், காப்பதை விட்டுவிட்டது. ஒரு நாளளவில் அந்த உடலின் சூடும் அறையின் சூடும் ஒன்றாகிவிடும். இயற்பியலார் சொல்லும் வெப்பச் சமநிலை அது. குறை சொல்ல இடமில்லாத, முழுமையான சமநிலை. உயிரோடு இருக்கும் வரை மனிதன் தன் சூழலோடு அந்தச் சமநிலையை அடைவதே இல்லை.

இத்தனையும் அறிவியல் தரும் பாடம். அங்கே சமநிலை என்பது புகழ்ச்சியும் அன்று, இகழ்ச்சியும் அன்று. எதிரெதிர் விசைகள் ஈடாகி நிற்கும் ஒரு நிலைக்கு இட்ட பெயர். இப்பெயரைப் பொருளியலார் எப்படி எடுத்துக்கொண்டனர் என்று இனிக் காண்போம்.

1776-இல் ஆதம் ஸ்மித், சந்தை விலை ஒரு மைய விலையை நோக்கி ஈர்க்கப்படுவதாக எழுதினார். 1874-இல் லோசான் நகரப் பேராசிரியர் வால்ராஸ், எல்லாச் சந்தைகளும் ஒரே நேரத்தில் சமநிலை பெறுவதைச் சமன்பாடுகளாக எழுதினார். இளமையில் அவர் பயின்ற புவான்ஸோவின் நிலையியல் நூலே அவருக்கு முன்மாதிரி. நெம்புகோலும் கப்பியும் பற்றிய அந்நூலின் கணக்கு, கோதுமைக்கும் துணிக்கும் இடம் பெயர்ந்தது.

அமெரிக்காவின் இர்விங் ஃபிஷர் இன்னும் ஒரு படி மேலே போனார். 1892-இல் அச்சான தம் ஆய்வேட்டில் அவர் ஓர் அட்டவணை போட்டார். இயற்பியலில் துகள் எனப்படுவது பொருளியலில் தனிமனிதன். அங்கே விசை எனப்படுவது இங்கே கூடுதல் ஓர் அலகு தரும் பயன் என்று இணையிணையாக எழுதினார். 1893-இல் அந்தக் கணக்கை ஓர் இயந்திரமாகவே செய்து வைத்தார். நீர்த்தொட்டியில் மிதக்கும் கலன்கள், அவற்றை இணைக்கும் குழாய்கள், நெம்புகோல்கள். ஓரிடத்தில் நீரைக் கூட்டினால் எல்லாக் கலன்களும் ஆடி அசைந்து புதிய மட்டத்தில் நிற்கும். அதுவே விலைகளின் சமநிலை. மாணவர்க்கு அதைக் காட்டியே அவர் பாடம் நடத்தினார். ஆனால் ஒவ்வொருவர்க்கும் எவ்வளவு வருமானம் என்பதை அந்த இயந்திரம் முடிவு செய்வதில்லை. அது வெளியிலிருந்து ஊற்றப்படுவது. ஒருவன் கலத்தில் குடம் குடமாக ஊற்றி, மற்றொருவன் கலத்தில் ஒரு சங்களவு ஊற்றினாலும், இயந்திரம் தவறாமல் தன் மட்டத்தைக் கண்டுகொள்ளும்.

எம் இளைய மகள் கல்லூரியில் பொருளியல் பயில்கிறாள். தன் பாடநூலில் ஏறும் கோடும் இறங்கும் கோடும் வெட்டும் புள்ளியைக் காட்டி, "வாப்பா, இந்த விலையில் வாங்க நினைப்பவரெல்லாம் வாங்கிவிடுவர், விற்க நினைப்பவரெல்லாம் விற்றுவிடுவர், ஒன்றும் மிஞ்சாது" என்றாள். "பசித்திருந்தும் கையில் காசில்லாதவன் இந்தப் படத்தில் எங்கே நிற்கிறான்?" என்று கேட்டோம். சற்று நேரம் படத்தையே பார்த்திருந்துவிட்டு, "அவன் வாங்க நினைப்பவன் என்ற கணக்கில் வரமாட்டான், வாப்பா" என்றாள். அவள் சொன்னது சரியே. ஆறு குதிரை பூட்டிய வண்டி வேண்டும் என்று பரம ஏழை ஆசைப்படலாம்; சந்தை அந்த ஆசையைத் தேவையாக எண்ணுவதில்லை என்ற கருத்தை ஆதம் ஸ்மித்தே எழுதியிருக்கிறார். வண்டிக்கு இது பொருந்தினால் பாதகமில்லை. அரிசிக்கும் இதே விதிதான்.

1943-இல் வங்காளத்தில் நடந்தது இதுவே. கல்கத்தாவில் ஒரு மணங்கு அரிசி 1942 டிசம்பரில் 13, 14 ரூபாய்க்கு விற்றது. 1943 மார்ச்சில் அது 21 ரூபாயாயிற்று; மே மாதம் 30-ஐத் தாண்டியது; ஆகஸ்டில் 37-ஐ எட்டியது. அப்போது சாந்திநிகேதனில் ஒன்பது வயதுச் சிறுவனாக இருந்து அப்பஞ்சத்தைக் கண்ட அமர்த்தியா சென், 1981-இல் 'வறுமையும் பஞ்சங்களும்' என்ற நூலில் அதன் கணக்கை ஆராய்ந்தார். 1943-இல் இருந்த உணவு, முந்திய ஐந்தாண்டுச் சராசரியைவிட 5 விழுக்காடு அளவே குறைவு. பஞ்சமில்லாத 1941-ஐவிட 13 விழுக்காடு மிகுதி என்று அவர் கண்டார். இந்த உற்பத்திக் கணக்கில் அவரோடு மாறுபடும் அறிஞரும் உளர். ஆனால் யார் மடிந்தனர் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. போர்க்காலச் செலவால் நகரத்தார் கையில் பணம் புரண்டது. பதுக்கலும் அச்சமும் விலையை மேலும் ஏற்றின. நிலமற்ற கூலிகள், மீனவர், சிறு கைவினைஞர் ஆகியோரின் வரும்படியோ அதற்கு ஈடாக ஏறவில்லை. இருபது முதல் முப்பது இலட்சம் உயிர்கள் மடிந்தன. நெல்லை விளைவித்த கைகள் நகரத்துக் கடைகளின் வாசலிலே, அரிசி உள்ளே இருக்க, வெளியே விழுந்து கிடந்தன.

அந்தக் கடைகளில் விலை என்று ஒன்று இருந்தது. அந்த விலையில் வாங்குவோர் வாங்கினர், விற்போர் விற்றனர். கோடுகள் வெட்டிக்கொண்டன. வாசலில் கிடந்தவன் வாங்குவோர் கணக்கிலும் இல்லை. விற்போர் கணக்கிலும் இல்லை. தராசின் எந்தத் தட்டிலும் அவன் ஏறவே இல்லை. ஆதலால் முள் அவனுக்காகச் சிறிதும் அசையவில்லை.

பொருளியலார் இதை அறியாதவர்கள் என்று சொன்னால் அது நியாயமாகாது. ஒருவர்க்குக் கேடு செய்யாமல் மற்றொருவர்க்கு நன்மை செய்ய இயலாத நிலையை, இத்தாலிய அறிஞர் பரேத்தோவின் பெயரால், உகந்த நிலை என்று அவர்கள் அழைக்கின்றனர். எல்லாச் செல்வமும் ஒருவன் கையிலிருந்து, பிறர் பட்டினி கிடந்தாலும் அந்த இலக்கணம் பொருந்தும் என்பதை எடுத்துக்காட்டியவர்களும் பொருளியலாரே. குறை அத்துறையின் கணக்கில் இல்லை. கணக்கில் 'உகந்தது' என்றும் 'சமநிலை' என்றும் வரும் சொற்கள், மேடைக்கும் செய்தித்தாளுக்கும் வரும்போது 'நல்லது' என்றும் 'நியாயம்' என்றும் உடை மாற்றிக்கொள்வதில்தான் குறை.

நீர் இயந்திரம் செய்த ஃபிஷரின் பிற்கால வரலாறு படிப்பினை நிறைந்தது. 1929 அக்டோபர் நடுவில், பங்குகளின் விலை இனி இறங்காத ஓர் உயர்ந்த மேட்டை அடைந்துவிட்டதாக அவர் கருத்துச் சொன்னார். இரு வாரங்களுக்குள் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. அவருடைய பெருஞ்செல்வமும் அதோடு போயிற்று. 1933 அளவில் அமெரிக்காவில் உழைப்பாளர் நால்வரில் ஒருவர் வேலையின்றி இருந்தார். அவ்வாண்டு ஃபிஷர் எழுதிய கட்டுரையில் ஒரு கப்பலை உவமை காட்டினார். சாதாரணமாக ஆடி ஆடி நிமிரும் கப்பல், ஓரளவுக்கு மேல் சாய்ந்துவிட்டால் நிமிர முயல்வதை விட்டு, மேலும் மேலும் சாயத் தொடங்கும் என்று எழுதினார். கடன்பட்டோர் அனைவரும் ஒரே நேரத்தில் உடைமைகளை விற்றுக் கடனடைக்க முற்பட்டால், விலை வீழும். விலை வீழ்ந்தால், அடைத்த கடனைவிட எஞ்சிய கடனின் பாரம் மிகும் என்பது அவர் விளக்கம். மர்வு நகரத்துக் காஸினீ தராசுக் கோலில் கண்ட வேறுபாட்டை, எண்ணூறு ஆண்டுகள் கழித்து ஃபிஷர் கடன்காரர்களின் உலகில் கண்டார். மூன்றாண்டுகளில் இங்கிலாந்தின் கெயின்ஸ் இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னார். கவிழாமலேயே, இலட்சக்கணக்கானோர் வேலையின்றி இருக்கும் நிலையிலும் பொருளாதாரம் நெடுநாள் சமநிலையில் நின்றுவிடக்கூடும் என்றார்.

இவையெல்லாம் எங்கோ கல்கத்தாவிலும் நியூயார்க்கிலும் நடந்தவை என்று நேயர்கள் எண்ணிவிடலாகாது. நம் வீட்டு முற்றத்திலேயே ஒரு சமநிலை பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறது.

1950-இல் ஜான் நாஷ் என்னும் இளம் கணித அறிஞர் சமநிலைக்குப் புதியதோர் இலக்கணம் தந்தார். பலர் கூடி வாழுமிடத்தில், பிறர் செய்வது மாறாதிருக்க, தான் மட்டும் தன் செயலை மாற்றினால் எவர்க்கும் ஆதாயமில்லை என்னும் நிலையே சமநிலை என்றார். இதில் வியப்பு என்னவென்றால், அந்நிலை எல்லாருக்குமே தீமையாக இருக்கலாம். எல்லாரும் சேர்ந்து மாறினால் எல்லாருக்கும் நன்மை. ஒருவர் மட்டும் மாறினால் அவர்க்கு இழப்பு. ஆகவே ஒவ்வொருவரும் வெறுத்துக்கொண்டே அதில் நிலைத்திருப்பர்.

கைக்கூலி என்னும் கொடுமைக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் நமக்குக் கிடைக்கவில்லை. மணமகன் மஹர் கொடுத்து மணமுடிப்பதே கடமை. அது தலைகீழாகி, பெண்வீட்டார் பொன்னும் பணமும் அளந்து கொடுக்கும் வழக்கம் நம் ஊர்களில் வேரூன்றியது. நிக்காஹ் பேச்சுகளில் பல முறை அமர்ந்திருக்கிறோம். மகனைப் பெற்றவரைத் தனியே அழைத்துக் கேட்டால், "எனக்கு இதில் விருப்பமில்லை, ஹஜ்ரத். மூத்த மகளுக்கு நான் வீட்டை ஈடு வைத்துக் கொடுத்தேன். இளையவள் இன்னும் இருக்கிறாள். இவனுக்கு வாங்காவிட்டால் அவளுக்கு எதைக் கொடுப்பேன்?" என்கிறார். பெண்ணைப் பெற்றவரோ, "நான் மறுத்தால் மாப்பிள்ளை அடுத்த தெருவுக்குப் போய்விடுவார், என் மகள் வீட்டிலே இருப்பாள்" என்கிறார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் தட்டில் வைத்ததை மற்றவர் தட்டு ஈடு செய்கிறது. முள் நேரே நிற்கிறது. நடுவே ஒரு வீடு கடனில் மூழ்குகிறது. ஏழை வீட்டுக் குமர் ஒன்று முப்பது வயதைக் கடக்கிறது. அவளும் எந்தத் தட்டிலும் ஏறாதவள்.

1961-இல் வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தும் இது ஒழியவில்லை. காரணம் நாஷின் இலக்கணத்திலேயே இருக்கிறது. தனித்தனியாக மாறுவோர்க்கு இழப்பு என்னும் நிலையை, தனித்தனியாகச் செய்யும் உபதேசம் மட்டும் அசைக்காது. ஆனால் கைக்கூலி வாங்கும் திருமணத்தைப் புறக்கணிப்பதென்று ஒன்றுகூடி முடிவெடுத்த ஜமாஅத்துகளும் உண்டு. ஊரார் எல்லாரும் ஒரே நாளில் மாறுவது என்று உறுதி கொண்டால், முதலில் மாறுகிறவர்க்கு நட்டம் என்னும் அச்சம் அகன்றுவிடுகிறது. ஹேபர் அழுத்தத்தையும் சூட்டையும் மாற்றியது போன்றது அது.

மதீனத்துச் சந்தையின் வரலாறும் இதையே நமக்குச் சொல்கிறது. விலை ஏறியபோது, விலையைக் கட்டளையால் நிர்ணயிக்குமாறு தோழர்கள் வேண்டினர். எவர்க்கும் அநீதி செய்தவராக இறைவனைச் சந்திக்க விரும்பாத நபிகள் நாயகம் (ஸல்) அதற்கு இசையவில்லை. சந்தை தன் மட்டத்தைக் காண்பது மதிக்கப்பட்டது. ஆனால் அதே சந்தையில் பதுக்கல் கண்டிக்கப்பட்டது. விலை அறியாத வணிகக் கூட்டத்தாரை ஊருக்கு வெளியே வழிமறித்து வாங்குவது தடுக்கப்பட்டது. ஏழைக்குரிய பங்கு ஜகாத்தாகச் செல்வரிடமிருந்து எடுக்கப்பட்டது. முள்ளைக் கையால் பிடித்துத் திருப்பவில்லை; தட்டில் ஏற வேண்டியவர்கள் ஏறினரா என்று பார்க்கப்பட்டது. ஹிஜ்ரி 18-இல் வந்த 'ரமாதா' ஆண்டுப் பஞ்சத்தின்போது கலீஃபா உமர் (ரலி), விலை தானாக இறங்கட்டும் என்று காத்திருக்கவில்லை. ஷாம் தேசத்திலிருந்து உணவை வரவழைத்துப் பசித்தோர்க்குப் பங்கிட்டார்.

எனவே இனி எவரேனும் சமநிலை ஏற்பட்டுவிட்டது என்று நம்மிடம் சொல்வாராயின், மகிழுமுன் மூன்று வினாக்களைக் கேட்டுக்கொள்வோமாக. இரு தட்டுகளிலும் இருப்பவை யாவை? சற்றுச் சாய்ந்தால் இது மீளுமா, கவிழுமா? எந்தத் தட்டிலும் ஏறாமல் வெளியே நிற்பவர் யார்? முதல் இரண்டு வினாக்களுக்கும் அறிவியலும் பொருளியலும் விடை தரும். அவற்றை நம் பிள்ளைகள் நன்றாகக் கற்கட்டும். மூன்றாவது வினாவை எந்த இயந்திரமும் தானாகக் கேட்பதில்லை. அதைக் கேட்க வேண்டியவர்கள் நாமே. அடுத்த நிக்காஹ் பேச்சுக்குப் பாய் விரிக்குமுன், நம் ஊர் ஜமாஅத்திலேயே அதைக் கேட்டுத் தொடங்குவோம்.